வாசகர் கேள்வி – பதில்: "பொண்ணுக்கு எதுக்குங்க லேத்து?"

போன இதழில் ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) சேர்க்கை பற்றி நாலு பத்தி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. பாதிக்கு மேல் எழுதியவர்கள் வாத்தியார்கள், டீச்சர்கள். பெண் பிள்ளைகளைத் தொழில் பிரிவுக்கு எப்படி அழைத்து வருவது என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி. முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. அப்பா கோவை கணபதியில் லேத் (இரும்பைச் சுழற்றிக் கடைகிற மெஷின்) பட்டறை வைத்திருந்தார், பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் நிற்பது அங்கேதான். பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் (மெஷின் பாகங்களை அராவிப் பொருத்துகிற தொழில்) பிரிவில் 31 வருஷம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன். கைக்குக் கிடைத்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பெண்களிடம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பற்றிப் பேசுகிறேன். ‘பெண்கள் எல்லாத் துறையிலும் சாதிக்கலாம்’ என்று சொல்லும்போது கை தட்டுகிறார்கள். ஆனால் போவது பி.காம். சி.ஏ., நர்சிங், இல்லாவிட்டால் திருப்பூர். எங்கே கோட்டை விடுகிறேன்?
– அரசுப் பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

கை தட்டினார்கள் என்றாலே சந்தேகப்படுங்கள் டீச்சர். பிடித்த விஷயம் காதில் விழுந்தால் பிள்ளைகள் கை தட்ட மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். நர்ஸ் என்ன செய்வார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள். டீச்சர் வேலை தெரியும், உங்களையே தினமும் பார்க்கிறாள். பனியன் கம்பெனி தெரியும், அதன் வேன் காலையில் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. ஃபிட்டர் என்றால்? காலையில் போய் என்ன செய்ய வேண்டும், கையில் எதைப் பிடிக்க வேண்டும், மாசம் என்ன வரும், எதுவும் தெரியாது. தெரியாத ஒன்றில் ‘சாதிக்கலாம்’ என்றால் அவள் என்ன செய்வாள், கை தட்டிவிட்டு பி.காம். சேருவாள்.

இதில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் சேர்க்கை மேசையில் நானே உட்கார்ந்திருக்கிறேன். பொண்ணை அழைத்துக்கொண்டு அப்பன் வருவார், "எதுங்க நல்லது?" என்பார். நான் தலை நிமிராமலே, "கம்ப்யூட்டர் ஆபரேட்டர் போட்டுக்குங்க, இல்லாட்டித் தையல் இருக்குது" என்று எழுதிவிடுவேன். பட்டறையிலேயே வளர்ந்து ஃபிட்டர் படித்த நானே! ஒரு நாள் ஒரு பொண்ணு என் ஓவர்கோட்டைப் பார்த்தபடி, "நீங்க மட்டும் எப்படிங்க மேடம் இதுல வந்தீங்க?" என்று கேட்டது. நான் சொன்ன பதில் இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது: "அது அப்போ, கண்ணு." அந்தப் பொண்ணும் கம்ப்யூட்டரிலேயே சேர்ந்தது.

அதனால் அடுத்த தடவை பேச வேண்டாம், மெல்லிய கனத்தை அளக்கிற மைக்ரோமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். பக்கத்து ஐ.டி.ஐ.யில் ஒரு நாள் இரவல் கேட்டால் கொடுப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி அளக்கட்டும். ஒருத்திக்கு 0.06 மில்லிமீட்டர் வரும், இன்னொருத்திக்கு 0.08 வரும். "உன் முடியை விட என் முடி தடியா இருக்குது" என்று வகுப்பே இரைச்சலாகும். அந்த இரைச்சல் அடங்குவதற்குள், "உன் முடியில் பாதி கனத்துக்குத்தான் பம்ப்செட் ஷாஃப்டில் பிசகு இருக்கலாம், அதை அளந்து கடைசல் பிடிக்கிறவருக்குப் பேர் டர்னர்" என்று சொல்லுங்கள். அது போதும்.

பணக் கணக்கையும் போர்டில் எழுதிப் போடுங்கள். ஃபிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்பு, இரண்டு வருஷம். வெல்டருக்கு எட்டாம் வகுப்பு போதும், ஒரு வருஷம். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் இல்லை, மாசம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் வரும் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். இது தெரியாத பெற்றோர் இன்னும் நிறையப் பேர். அதைவிட முக்கியமாக இன்னொன்று: பெண்களுக்கு ஐ.டி.ஐ.யில் உச்ச வயது வரம்பே இல்லை. பிள்ளையை விட வந்த அம்மாவே சேரலாம். நான் இருந்த காலத்தில் அப்படி ஒரு அம்மா சேரவும் செய்தார்.

எங்கள் ஒன்றியத்தில் 40 ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்த வேண்டும். ‘தொழில்நுட்பத்தில் பெண்கள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். என்ன வைக்கலாம்?
– ஆசிரியர் பயிற்றுநர், ஈரோடு மாவட்டம்

முதலில் புரொஜெக்டரை அறையில் வைத்துப் பூட்டுங்கள். டீக்கும் வடைக்கும் நடுவில் ஓடுகிற ஸ்லைடு எதுவும் தலையில் நிற்காது, அதில் எனக்கு 31 வருஷ அனுபவம் இருக்கிறது. இடத்தையும் மாற்றுங்கள். வழக்கமாகப் பயிற்சி நடக்கிற வட்டார வளமையத்தில் வேண்டாம், ஐ.டி.ஐ. ஒர்க்‌ஷாப்பில் வையுங்கள்.

காலையில் ஒரே வேலைதான். ஆளுக்கு ஒரு சாதா இரும்புத் துண்டு, ஒரு அரம், இரண்டு பேருக்கு அதைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ். துண்டின் ஒரு முகத்தை மட்டமாக அராவ வேண்டும். ராவுகிறது என்றால் ஏதோ தேய்க்கிற வேலை என்று நினைத்துத்தான் வருவார்கள். பத்து நிமிஷத்தில் தோள் வலிக்கும். டிரை ஸ்கொயரை (மட்டம் பார்க்கும் மூலைமட்டம்) அந்த முகத்தில் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். மேடு இருக்கிற இடத்தில் பிளேடு ஒட்டும், பள்ளம் இருக்கிற இடத்தில் வெளிச்சம் கசியும். மறுபடியும் ராவ வேண்டும், மறுபடியும் தூக்கிப் பார்க்க வேண்டும். கசிகிற வெளிச்சம் நூல் மாதிரி மெலிந்து ஒரு கட்டத்தில் காணாமல் போகும். அந்த நேரத்தில் ஒரு சமூக அறிவியல் டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு தடவை ஒரு அம்மா அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டு வாங்கி, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் மறுநாள் வகுப்பில் பேசுவதற்கு நான் எதுவும் எழுதிக் கொடுக்கத் தேவை இருக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள், நம்மூர் டீச்சர்களில் பெரும்பாலானவர்கள் பி.எஸ்சி., பி.எட். வழியாக வந்தவர்கள். அரம் பிடித்துப் பார்க்காதவர் இன்னொரு வீட்டுப் பிள்ளையை அங்கே அனுப்ப எப்படித் துணிவார்? அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்.

மதியம் பெற்றோரிடம் பேசிப் பழகும் பயிற்சி. ஒருவர் டீச்சர், இன்னொருவர் அம்மா, மூன்றாமவர் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா. அப்புச்சி வேஷத்தை நல்ல வாய்த்துடுக்கான ஆளிடம் கொடுங்கள். "பொண்ணுக்கு எதுக்குங்க லேத்து, நாளைக்குக் கை போச்சுன்னா எவன் கட்டுவான்?" என்று அவர் கேட்க வேண்டும், டீச்சர் பதில் சொல்ல வேண்டும். பாதிப் பேர் திணறுவார்கள். அங்கே திணறினால் நல்லதுதான், வீட்டு வாசலில் திணற மாட்டார்கள் இல்லையா? சாயந்திரம் போகும்போது ஒவ்வொருவரும் தன் வகுப்பில் மூன்று பெண்களின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மார்க் பட்டியலைப் பார்த்து எழுதக் கூடாது. வீட்டில் மிக்ஸியைக் கழற்றிப் பார்த்தவள், சைக்கிள் செயினைத் தானே மாட்டுகிறவள், அப்பா இல்லாதபோது பம்ப்செட் ஃபியூஸ் போடுகிறவள், அப்படிப்பட்ட மூன்று பேர். மூன்று மாசம் கழித்து நீங்களே போன் போட்டு அந்த மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள். அந்த போன் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வடை செலவுதான்.

வாத்தியாரைப் பழக்கினால் சேர்க்கை மாறும் என்பதற்கு வெளியூர்க் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கம்ப்யூட்டர் சயன்ஸில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் 100க்கு 7 பேர், 2000இல் 42 பேர். இதற்கிடையில் அவர்கள் செய்தவற்றில் ஒன்று, கோடை விடுமுறையில் பள்ளி வாத்தியார்களைக் கூப்பிட்டுப் பாடத்தோடு சேர்த்துப் பெண் பிள்ளைகளை எப்படி அழைப்பது என்பதையும் சொல்லிக் கொடுத்தது. அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், சேர்க்கை விதியையும் மாற்றினார்கள், முன்பே கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்ற பாரத்தைக் குறைத்தார்கள். ஆனால் கூப்பிட்டது பிள்ளைகளை மட்டும் இல்லை, வாத்தியார்களையும்.

எங்கள் தனியார் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் 20 இடம். ‘பெண்களும் விண்ணப்பிக்கலாம்’ என்று நோட்டீஸில் பெரிதாகவே போடுகிறோம். ஒரு விண்ணப்பம்கூட வருவதில்லை.
– முதல்வர், நாமக்கல் அருகே

நோட்டீஸையும் கூடவே அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். ஒன்பது போட்டோ, எட்டில் பையன்கள். ஒன்பதாவதில் குத்துவிளக்கு ஏற்றுகிற இடத்தில் தட்டு ஏந்தி நிற்கிற இரண்டு பெண்கள். படித்துப் பார்க்காமலேயே ஊர் ஜனம் புரிந்துகொள்ளும். கோவையில் எங்காவது மெஷின் ஓட்டுகிற பெண் ஒருவரைப் பிடித்து, அவர் சம்மதத்தோடு, அவர் மெஷின் பக்கத்தில் நிற்கிற படத்தைப் போடுங்கள். அவருக்கு லீவு போட்டால் சம்பளம் போகும் என்பதால் போக்குவரத்தோடு ஒரு நாள் சம்பளமும் கொடுத்து சேர்க்கைக்கு முன்னால் ஊருக்கு அழைத்து வாருங்கள். கௌரவ விருந்தினர் செலவில் இது கால்வாசி வராது.

அப்புறம் பாத்ரூம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா, வாளி இருக்கிறதா? சேர்க்கைக்கு வருகிற அம்மாக்கள் ஆபீஸுக்கு வருவதற்கு முன்னால் அங்கேதான் போய்ப் பார்ப்பார்கள். நீங்கள் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். வகுப்பு முடிகிற நேரத்துக்கும் டவுன் பஸ் நேரத்துக்கும் ஒத்து வருகிறதா என்பதையும் பாருங்கள். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் அஞ்சே காலுக்குப் போகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணி என்றால் எந்த வீட்டில் விடுவார்கள்?

முக்கியமானது கடைசியில். ஒரு பெண்ணை மட்டும் தனியாகச் சேர்க்காதீர்கள், குறைந்தது மூன்று பேர். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் லலிதா என்று ஒரு பெண் எலெக்ட்ரிக்கல் சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கைக்குழந்தை இருந்தது. நாட்டின் முதல் பெண் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர் அவர்தான். ஹாஸ்டலில் அவர் தனியாக இருக்க வேண்டியிருந்ததால் கல்லூரியே முன்வந்து மேலும் பெண்களைச் சேர்த்தது. அப்படி வந்த தெரேசியா, லீலம்மா இரண்டு பேரும் சிவில் படித்தார்கள். எண்பது வருஷத்துக்கு முந்தைய பிரின்சிபாலுக்குத் தோன்றியது நமக்கும் தோன்ற வேண்டும்.

நான் டர்னர் பயிற்றுநர். இந்த வருஷம் முதல்முறையாக நான்கு பெண்கள் வந்திருக்கிறார்கள். பையன்களைத் திட்டுவது போல் திட்ட முடியவில்லை. சக் (லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) தூக்கச் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. எப்படி நடத்துவது?
– பயிற்றுநர், கோவை

தம்பி, நாலு பேர் வந்தது பெரிய விஷயம், அவர்களைத் தக்க வைப்பது இனி உங்கள் கையில்தான். திட்டுவதைப் பற்றி: பையன்களையும் திட்டாமல் இருந்து பாருங்களேன். அது சிரமம் என்றால் எல்லாரையும் ஒரே அளவில் திட்டுங்கள். அழுதால் அழட்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டு டூலைத் தீட்டட்டும், அதைப் பெரிதுபண்ண வேண்டாம். திட்டாமல் ஒதுக்கி வைக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் அவர்களுக்கு வலிக்கும்.

சக் கனமாகத்தான் இருக்கும். பெரிய சக் என்றால் பையனும் தனியாகத் தூக்கக் கூடாது. லேத் பெட் மேல் பலகை போட்டு இரண்டு பேராக ஏற்றுவதுதான் முறை. பெரிய கம்பெனிகளில் அதற்கு ஹாய்ஸ்ட் என்கிற பாரம் தூக்கி இருக்கிறது. முறையைச் சொல்லிக் கொடுத்தால் பலம் பற்றிய பேச்சே வராது, பையன்கள் முதுகும் பிழைக்கும்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு பொண்ணு லேத் முன்னால் நின்று டூல் செட் பண்ணத் தடுமாறும். பக்கத்து மெஷின் பையன் வருவான், "தள்ளு, நான் போட்டுத் தர்றேன்" என்பான். கெட்ட எண்ணம் கிடையாது, நல்ல பையன்தான். இரண்டே நிமிஷத்தில் செட் பண்ணி ஓட்டியும் கொடுத்துவிடுவான். இது ஆறு வாரம் நடந்தால் அவனுக்கு இரண்டு பேர் பங்கு பழக்கம் வந்திருக்கும், அவளுக்கு ரெக்கார்டு நோட்டு எழுதுகிற பழக்கம் வந்திருக்கும். ரெக்கார்டு பிரமாதமாக இருக்கும், பிராக்டிகலில் கை நடுங்கும். அப்புறம் எல்லாரும், "பொண்ணுங்களுக்கு தியரிதான் வரும்" என்பார்கள். நான் ஒரு விதி வைத்திருந்தேன்: உதவி செய்கிறவன் கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், வாயால் மட்டும் சொல்லலாம். முதல் வாரம் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும்.

துப்பட்டா கிடையாது, ஓவர்கோட் மேல் பட்டன் வரைக்கும். முடியைக் கொண்டை போட்டுத் தொப்பிக்குள். வளையல், மோதிரம், பையன்கள் கையில் கட்டுகிற கயிறு, காப்பு எல்லாம் கழற்றி டப்பாவில். கல்யாணமான பெண் என்றால் தாலிக்கொடி கோட்டுக்குள்ளே இருக்கிறதா என்று தினமும் நினைவுபடுத்துங்கள், கழற்றச் சொன்னால் அடுத்த நாள் வராமல் போகலாம். சுற்றுகிற லேத்தில் கையுறை யாருக்கும் கூடாது, கை பத்திரமாக இருக்கட்டும் என்று பாசமாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

வரைபடம் புரியவில்லை என்று சில பெண்கள் சொல்வார்கள். பையன்களிலும் பாதிப் பேருக்குப் புரியாது, சொல்ல மாட்டார்கள். மனசுக்குள் ஒரு பொருளைத் திருப்பிப் பார்க்கிற திறமை பயிற்சியில் வரும் ஒன்று. மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியை 1993 முதல் இதற்கென்றே ஒரு பாடம் நடத்தி, அதைப் படித்த முதல் வருஷ மாணவிகள் தேறுவதைக் காட்டியிருக்கிறார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாலு பேரில் ஒருத்தியாவது வீட்டில் ஜாக்கெட் வெட்டத் தெரிந்தவளாக இருப்பாள். பேப்பரில் தட்டையாகக் கை வெட்டி, அது தோளில் வளைந்து எப்படி உட்காரும் என்று முன்கூட்டியே பார்க்கத் தெரிந்தவளுக்குத் தகர வேலையில் விரிப்பு வரைபடம் போடுவது புது விஷயமே இல்லை. அவளைப் போர்டுக்குக் கூப்பிட்டு ஜாக்கெட் கை வரையச் சொல்லி அங்கிருந்து பாடத்தை ஆரம்பியுங்கள். பையன்கள் நோட்டு எடுக்கட்டும்.

மகள் வெல்டிங் படிக்கிறேன் என்கிறாள். கறுத்துப் போவாள், கண் போகும் என்று அவங்க அப்பத்தா ஒரே சத்தம். மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்கும் பயம்.
– ஒரு தாய், காங்கேயம்

அம்மிணி, அப்பத்தா சொல்வதில் பாதி நிஜம். ஆர்க் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அன்றைக்கு ராத்திரி கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தும், தோலில் பட்டால் வெயில் பட்ட மாதிரி பொரியும். அதற்குத்தான் கறுப்புக் கண்ணாடி வைத்த ஷீல்டு, தோல் கையுறை, தோல் ஏப்ரன். உள்ளே பருத்தித் துணிதான் போட வேண்டும், நைலான் சுடிதாரில் பொறி விழுந்தால் உருகி உடம்போடு ஒட்டும். புகை போக வழி இருக்க வேண்டும். இதெல்லாம் அந்த ஐ.டி.ஐ.யில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் தேடுங்கள். வேலை எங்கே கிடைக்கும் என்றால், கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி, கோவையைச் சுற்றி எவ்வளவோ பேப்ரிகேஷன். எவர்சில்வரில் டிக் வெல்டிங் (மெல்லிய தகட்டையும் நுணுக்கமாக இணைக்கும் முறை) என்பது பலத்தில் செய்கிற வேலை இல்லை, கை ஆடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வருஷச் சம்பளம் சொற்பமாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். கை தேறினால் ஏறும்.

மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு எனக்கும் தெரியாததில்லை. ஆனால் இதே ஜில்லாக்களில் சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்து மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் பிள்ளைகளை வைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருகிறோம் என்றார்கள். அப்போது ‘கண் போகும், உடம்பு போகும்’ என்று எந்த அப்பத்தாவும் இவ்வளவு சத்தம் போடவில்லையே? பஞ்சு தூசியில் இருமிக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் படிப்பு ஒரு வருஷம், சான்றிதழ் அவள் பேரில், தினமும் சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடுவாள். இதை அப்பத்தாவிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவில் பெண்கள் நிறையவே சேர்கிறார்கள். ஆனால் லேபில் நான்கைந்து பையன்கள்தான் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள்.
– விரிவுரையாளர், ஈரோடு

அந்த நாலைந்து பேர் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், விசாரித்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் ஹார்வி மட் கல்லூரியில் முதல் பாடத்தையே இரண்டு வகுப்பாகப் பிரித்தார்கள், ஏற்கெனவே கோடிங் தெரிந்தவர்களுக்கு ஒன்று, தெரியாதவர்களுக்கு ஒன்று. இன்னும் சில மாற்றங்களும் சேர்ந்து அங்கே அந்தப் படிப்பில் பெண்களின் பங்கு சில வருஷங்களில் பத்தில் ஒன்று என்ற அளவிலிருந்து பத்தில் நாலு வரை போனது. உங்களால் வகுப்பைப் பிரிக்க முடியாது. கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள், பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். முந்துகிற பையன்களைத் தனியாக அழைத்து, "உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும், சாமி" என்று சொல்லிவிட்டால் போதும், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

என் யூனிட்டில் பெண்ணை வேலைக்கு வைத்தால் தனி டாய்லெட், கமிட்டி, லீவு என்று ஆயிரம் தொந்தரவு. சின்னப் பட்டறைக்காரன் எங்கே போவது?
– லேத் யூனிட் உரிமையாளர், குறிச்சி

ஆயிரம் இல்லை அண்ணா, எண்ணிப் பார்த்தால் இரண்டு மூன்றுதான். 2013ஆம் வருஷச் சட்டப்படி பாலியல் புகார்க் கமிட்டி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில்தான் போட வேண்டும், அதற்குக் குறைந்த இடத்துக்கு மாவட்ட அளவில் கமிட்டி இருக்கிறது. டாய்லெட் உங்கள் ஆண் ஆட்களுக்கும் இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்தே புரிகிறது. ஆள் கிடைக்கவில்லை, பீகாரிலிருந்து வந்தவனும் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை என்று அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

ஆர்வம் இருக்கிறவர்கள் தானாக வருவார்கள். எதற்கு வலிந்து இழுக்க வேண்டும்?
– வாசகர், மேட்டுப்பாளையம்

நம்ம ஜி.டி. நாயுடுவையே எடுத்துக்கொள்வோம். கலங்கல் கிராமத்துப் பையன், பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், பைத்தியமாகிவிட்டார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கிப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். ஆர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஊரில் அதே வயதுப் பெண் பிள்ளை அந்த வண்டியைப் பார்த்திருந்தால்? பின்னாலேயே ஓடியிருக்க முடியுமா, தனியாகக் கோவைக்கு வந்து ஓட்டலில் மேசை துடைத்திருக்க முடியுமா? எனக்கு ஆர்வம் வந்தது எப்படி என்றால் அப்பா பட்டறை வீட்டுக்கு நாலு கடை தள்ளி இருந்தது. இழுக்க வேண்டாம், சரி. கண்ணில் காட்டவாவது வேண்டுமே.

அம்மா ஓவர்லாக் டெய்லர். மெஷின் ரிப்பேர் ஆனால் மெக்கானிக் அண்ணன் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்கான கூலி) போய்விடும் என்று புலம்புவாங்க. மெக்கானிக் ஏன் எப்பவும் ஆம்பளையாவே இருக்காங்க? நான் ஆகலாமா?
– பதினோராம் வகுப்பு மாணவி, பல்லடம்

இந்த மாசம் வந்ததில் நல்ல கேள்வி உன்னுடையதுதான் கண்ணு. நம் நாட்டில் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்களில் 100க்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அதனால் ‘பொம்பளைக்கு ஃபேக்டரி ஒத்து வராது’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வா, அவர்கள் போட்டிருக்கிற பனியனையே உங்கம்மா மாதிரி ஒருத்தர்தான் தைத்திருப்பார். ஒரு லைனில் மெஷினில் உட்கார்ந்திருப்பது பெண்கள், கைமடி என்கிற உதவியாள் வேலையில் பெண்கள், செக்கிங் பெண்கள், பிசிறு வெட்டுவது பெண்கள். ஸ்குரூ டிரைவர் மட்டும் ஒரு ஆணின் பாக்கெட்டில் இருக்கும். அந்த ஸ்குரூ டிரைவர் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் மாசச் சம்பளம், மற்றவர்களுக்கெல்லாம் பீஸ் ரேட்டோ ஷிப்ட் கணக்கோ.

ஏன் இப்படி என்றால், மெக்கானிக் ஆனவர் பெரும்பாலும் இன்னொரு மெக்கானிக்கிடம் எடுபிடியாக இருந்து கற்றவர். ஒன்றரை ஷிப்ட் முடிந்த பிறகும் ராத்திரி நின்று மெஷின் பிரிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். பெண்ணை யார் அப்படி நிற்க விடுவார்கள்? அதனால் நீ படித்து வர வேண்டும். பன்னிரண்டாவது முடித்துவிட்டே வா, அவசரம் இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் எடு, இல்லாவிட்டால் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல். அரசு ஐ.டி.ஐ.க்கள் 71ஐ டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்து சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷின்), ரோபாட், மின்சார வண்டி மெக்கானிக் என்று புதுப் பிரிவுகள் கொண்டுவந்தார்கள், பக்கத்தில் உள்ளதில் எது இருக்கிறது என்று உன் டீச்சரை விசாரிக்கச் சொல். கோவையில் பெண்களுக்கென்றே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, வீட்டில் யோசித்தால் அங்கிருந்து பேச்சை ஆரம்பி.

அதுவரை ஒன்று செய். உங்கம்மா மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தால் பெரும்பாலும் ஊசிக்கும், கீழே நூலை வளைத்துக் கோக்கிற லூப்பருக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பிசகியிருக்கும். அது தலைமுடி கனத்து விஷயம். அடுத்த தடவை மெக்கானிக் அண்ணன் மூடியைக் கழற்றும்போது அம்மாவை டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நிற்கச் சொல். எந்த ஸ்குரூவைத் தளர்த்தினார், எந்தப் பக்கம் தட்டினார், சக்கரத்தைக் கையால் எத்தனை சுற்றுச் சுற்றிப் பார்த்தார் என்று வீட்டுக்கு வந்ததும் உனக்குச் சொல்லட்டும். ஒரு நோட்டுப் போட்டுத் தேதியோடு எழுதி வை. பத்துப் பக்கம் சேர்ந்ததும் எனக்கு எழுது, பார்க்கிறேன்.